போர்வைக்குள் இருந்த சைக்கிள்

பல்செட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. பகலெல்லாம் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் செய்வார். மெழுகை உருக்கி, அச்செடுத்து, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்போது காகிதக் கனம்கூட ஏறாமல் இறங்காமல் ராவி ராவிச் சரி செய்வார். என்ன பொறுமை, என்ன பொறுமை என்று கிளினிக்கில் எல்லாரும் மெச்சுவார்கள். அந்தப் பொறுமை கிளினிக் வாசலோடு சரி. வீட்டுக்குள் நுழைந்ததும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி பின்பக்கம் ஓடுவார். அங்கேதான் சைக்கிள்கள் இருந்தன.

சைக்கிள்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. சுவரில் சாய்ந்து நின்றவை வெறும் எலும்புக்கூடுகள். சக்கரங்கள் ஆணியில் தொங்கின. துணி துவைக்கிற தொட்டிக்குள் ஒரு செயின் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. எந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே எந்தப் பழைய சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது என்பது அவருக்கு மூக்கிலேயே தெரியும். போய்க் கேட்டு வாங்கி வருவார், அல்லது அவர்களே கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி பூட்டி, கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார். காசு வாங்கமாட்டார். அதனால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது, அதுதான் அவருக்கு வேண்டியதும்.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று. சைக்கிள் கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிட வேண்டும். நடுவில் யாரோ சுற்றிய கயிறு, கட்டிய கம்பி, சீட்டுக்கு மேல் தைத்த துணி எல்லாம் அவர் பாஷையில் ‘ஒட்டுவேலை’. பிரித்தவுடன் முதல் வேலையாக ஒட்டுவேலையைப் பிய்த்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் எறிவார். அந்த டின் நிரம்பி, மூடி சரியாக மூடாமல் கிடந்தது.

அவருக்கு ஒரு வியாதியும் உண்டு. ஒரு சைக்கிளை முடிப்பதற்குள் இன்னொன்றின் மேல் கண் போய்விடும். புதிதாக வந்ததற்கு ஒரு சாமான் குறைகிறதா, பழையதிலிருந்து கழற்றி மாட்டுவார். நாளைக்குத் திருப்பி வைத்துவிடலாம் என்று மனதார நினைப்பார். அந்த நாளை வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து கதவருகில் நின்றாள். எப்போதும்போல இடது காலை வாசற்படி மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கதவின் நிலையில் ஒரு கையை ஊன்றியபடி நின்றாள். அச்சகத்தில் வேலை கொடுத்துவிட்டார்கள் என்றாள்.

பல வருஷமாக அவள் வீட்டிலிருந்தே அந்த அச்சகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. காகிதக் கட்டு வரும், போகும், எப்போதாவது வராமலும் இருக்கும். இப்போது அப்படி இல்லை, நிரந்தர வேலை. அங்கேயே போய் உட்கார்ந்து செய்ய வேண்டும். அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஜன்னலோரம். திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள். அச்சகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் பலவீனமாகிவிட்டது என்று பஸ்ஸை நிறுத்தி மாதக்கணக்காகிறது, நடக்கிறவர்களையும் சைக்கிளையும்தான் விடுகிறார்கள். அவ்வளவு நீளப் பாலத்தைத் தினம் இரண்டு வேளை நடந்து கடக்க முடியாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஏன் முடியாது என்று அவர் கேட்டதில்லை.

“திங்கக்கிழமையிலேருந்து சைக்கிள்ல போறேன். என் சைக்கிளை இறக்கி வெச்சிடுங்க” என்றாள்.

அவர் கையிலிருந்த சக்கரம் சுற்றி முடித்துத் தானாக நின்றது.

“எந்த சைக்கிள்?”

“எனக்கு எத்தனை சைக்கிள் இருக்கு?”

அவர் தானே தினமும் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிப் பார்த்தார். கிளினிக் திறக்கிற நேரமும் அதுவும் ஒன்று என்று அவள் நினைவுபடுத்தினாள். புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்றார். இருக்கிறதை வைத்துக்கொண்டு எதற்குப் புதிது என்றாள். பத்து வீட்டுக்கு சைக்கிள் செய்து கொடுத்த மனுஷன் சொந்தப் பெண்டாட்டிக்குக் கடையில் வாங்கினால் ஊர் சிரிக்காதா என்றும் கேட்டாள்.  ஞாயிற்றுக்கிழமை தயாராகிவிடும் என்று சொல்லிவைத்தார்.

விஷயம் இதுதான். உள்ளறைச் சுவரில், இரண்டு பெரிய கொக்கிகளில், ஒரு நீலப் போர்வை சுற்றி அவள் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வரும்போது அவள் கூடவே கொண்டுவந்த பச்சைச் சைக்கிள். வந்த புதிதில் ஒருமுறை ஓவராயில் செய்கிறேன் என்று அவர்தான் பிரித்தார். பிரித்ததைப் பூட்டுவதற்குள் வேறொன்று வந்துவிட்டது. முதலில் போனது பெடல் இரண்டும். அப்புறம் சீட். அப்புறம் ஹாண்டில்பார், மணியோடு. கடைசியில் முன்சக்கரம். ஒவ்வொன்றும் கடன்தான், நாளைக்குத் திரும்பிவிடும்.

அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்து போர்வையைச் சுற்றினார். சுற்றினால் உருவம் தொய்ந்து தெரிந்தது. அதனால் முன்சக்கரத்துக்குப் பதில் ஒரு பழைய மின்விசிறியின் கம்பிக்கூட்டைக் கட்டினார். சீட்டுக்கு ஒரு குட்டித் தலையணை. ஹாண்டில்பாருக்கு ஓர் ஓட்டைக் குடை. வெளியிலிருந்து பார்த்தால் அசல் சைக்கிள். அவள் ஒரு நாளும் அதை இறக்கச் சொல்லவில்லை, ஒரு நாளும் விசாரிக்கவில்லை. பிழைத்தோம் என்று விட்டுவிட்டார். வருஷங்கள் போயும் அந்தப் போர்வையில் ஒரு பொட்டுத் தூசு படிவதில்லையே என்பதுகூட அவருக்கு உறைத்ததில்லை.

வேறு சாமான்களைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம்தான். ஆனால் ஒரு வரியில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள் அவள். சீட்டின் கிழிசலும் மணியின் நசுங்கலும் அவளுக்கு மனப்பாடம். மாட்டிக்கொண்டால் போர்வை, குடை, தலையணை எல்லாம் வரிசையாக வெளியே வரும். வேலையில் சேருகிற நேரத்தில், இத்தனை வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார முடியாது. அவளுடைய சாமான்களையே திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் வேலை ஓடவில்லை. ஒரு கிழவருக்குச் செய்த மேல்வரிசை கடிக்கும்போது ஒரு பக்கம் தூக்கியது. கொஞ்சம்தான், ஒரு மயிரிழை. அந்தக் கொஞ்சத்துக்கே கிழவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வரைக்கும் வலிக்கிறது என்று புலம்பினார். ஒரு பக்கம் உயரம் தப்பினால் உடம்பு முழுக்கக் கோணும் என்று டாக்டர் இவரைப் பார்த்துச் சொன்னார். இவருக்குத் தெரியாத விஷயமா? தலையை ஆட்டிவிட்டு, இடைவேளையில் பேக்கரிக்கு ஓடினார்.

முன்சக்கரமும் ஹாண்டில்பாரும் இருந்தது பேக்கரி வாசலில். அழகுக்காக ஒரு சைக்கிள் வேண்டும் என்று பேக்கரிக்காரர் கேட்டபோது இவர்தான் செய்து கொடுத்தார். அதன் முன்னாலும் பின்னாலும் பூந்தொட்டிகள். தினம் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரிம்மில் துரு பூத்திருந்தது. இவர் ஸ்பானரை எடுத்ததுமே பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார். ஜனங்கள் இதன் பக்கத்தில் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள், இது இல்லாவிட்டால் என் பன்னை யார் சீந்துவார்கள் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இதைவிட நல்ல சக்கரம் போடுகிறேன் என்று இவர் கெஞ்சினார். ஓடாத சைக்கிளுக்கு எதற்கு நல்ல சக்கரம் என்று அவர் மடக்கினார். கடைசியில் பேக்கரிக்காரரின் மாமியாருடைய பல்செட் தளர்ந்துபோன விவகாரம் வெளியே வந்தது. அதை உடனே சரி செய்து தருவதாக ஒப்பந்தம். தொட்டி சாய்ந்து மண்ணெல்லாம் சட்டையில் கொட்ட, சக்கரத்தைத் தோளிலும் ஹாண்டில்பாரைக் கையிலும் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் மணி தானாக அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் மச்சான் வீடு. மனைவியின் தம்பி, எதையும் சட்டென்று கொடுத்துவிடுகிற ஆள். அவனுடைய சைக்கிளிலிருந்து சீட்டைக் கழற்ற உட்கார்ந்தபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு என்று மட்டும் கேட்டான். உங்கக்காவுக்குத்தான், திங்கட்கிழமையிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போகப் போகிறாள் என்று இவர் சொன்னார்.

“அக்காவா? அவ ஓட்டறதை விட்டுட்டான்னுல்ல நெனச்சேன்.”

“ஏன் விடணும்?”

மச்சான் இவர் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கி, டீ குடிக்கிறீர்களா மாமா என்று கேட்டான். இன்னொரு நாளாயிருந்தால் பல்செட்டுக்காரர் தோண்டித் துருவியிருப்பார். அன்றைக்கு அவருக்கு நிற்க நேரமில்லை. டீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெடல்கள் மருந்துக்கடைக்காரரிடம். கடைக்குப் பின்னால், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அந்த சைக்கிள் நின்றது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. தூசுதான் ஏறிக் கிடந்தது. இவ்வளவு பாடுபட்டு அசலாக ஆக்கிக் கொடுத்த வண்டி இப்படி நிற்பதைப் பார்த்ததும் பல்செட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. ஓட்டுவதே இல்லையா, பிரேக் சரியில்லையா என்று கேட்டார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்னமோ, நீங்க சரி பண்ணினதுக்கப்புறம் கை நிக்க மாட்டேங்குது” என்றார் மருந்துக்கடைக்காரர்.

புதுப் பிடி, பழகினால் சரியாகிவிடும் என்று இவர் கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னார். மருந்துக்கடைக்காரர் சாது மனுஷன், ஆமாம் ஆமாம் என்றார். வலது கையைக் கோட்டுப் பையில் விட்டபடி, இடது கையால் யாருக்கோ மாத்திரை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். பல்செட்டுக்காரர் வலது பெடலைக் கழற்றினார். இடது பெடலுக்கு மரை தலைகீழாக ஓடும், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருக வேண்டும். இது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனாலும் அன்றைக்கிருந்த அவசரத்தில் தப்புப் பக்கம் திருகித் திருகி இறுக்கிவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டார். வேறு ஒரு ஜோடி பெடலை அங்கே மாட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போர்வையை இறக்கினார். விசிறிக்கூட்டையும் குடையையும் தலையணையையும் பின்பக்கத்து வேலை மேசைக்கு அடியில் தள்ளினார். ரிம்மின் துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, சக்கரத்தைப் பூட்டி, செயின் கவரை மாட்டி, பிரேக்கை இழுத்துப் பார்த்தார். வேலை சுத்தமாக வந்தது. பச்சைப் பெயிண்டைத் துடைத்தபோது அது உள்ளிருந்து மினுங்கியது. ஒரு ஒட்டுவேலை இல்லை, ஒரு வேற்றுச் சாமான் இல்லை. எழுந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். இதை ஏன் இத்தனை வருஷம் செய்யாமல் வைத்திருந்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

அவள் வந்து பார்த்தாள். சீட்டின் கிழிசலைத் தடவினாள், மணியை ஒருமுறை அடித்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். தெருவில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முதலில் கொஞ்சம் தள்ளாடி, பிறகு நேராகி, திருப்பத்தில் மணி அடித்து மறைந்தாள். அப்பாடா என்று அவர் சுவரில் சாய்ந்தார்.

திரும்பி வரும்போது அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். ஒரு கையால் இடது இடுப்பைப் பிடித்திருந்தாள். பஞ்சரா என்று கேட்டுக்கொண்டே அவர் ஓடினார். அவள் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து, சுவரில் சாய்த்தாள்.

“இது என் சைக்கிள் இல்ல.”

அவ்வளவுதான், மூன்று நாள் அலைச்சலும் அவருக்கு மண்டைக்கு ஏறியது. இந்தச் சீட் உன்னுடையதில்லையா, இந்த மணி உன்னுடையதில்லையா என்று கத்தினார். பேக்கரிக்காரன் காலில் விழாத குறையாக வாங்கி வந்தது, உன் தம்பி வீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் நாய் மாதிரி அலைந்தது எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினார். கொட்டி முடித்த பிறகுதான், எதை மறைப்பதற்காக அலைந்தோமோ அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அதிர்ச்சி அடைந்த மாதிரி தெரியவில்லை. போர்வையை அவள்தானே மாதாமாதம் துவைக்கிறாள்? விசிறிக்கூட்டையும் குடையையும் இருந்தது இருந்தபடி திரும்பக் கட்டி வைக்கிறதுதான் கொஞ்சம் சிரமம் என்றாள். அந்தத் தலையணைக்கு உறைகூட மாற்றியிருக்கிறாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“சீட்டு, சக்கரம் போனதுக்கெல்லாம் நான் ஒண்ணும் நெனைக்கல. அதெல்லாம் கடையில கெடைக்கும். கட்டை எங்க?”

“எந்தக் கட்டை?”

“இடது பெடல்ல இருந்த கட்டை.”

அவருக்கு மெல்ல ஞாபகம் வந்தது. பிரித்த அன்றைக்கு இடது பெடலில் ஏதோ மரக்கட்டை இருந்தது. பெடல் எப்படிச் சுழன்றாலும் கால் அதன் மேல்தான் விழும்படி, மேலே ஒன்று கீழே ஒன்று, ஒரு விரல் கனத்தில், போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. எந்த முட்டாள் செய்த ஒட்டுவேலையோ என்று அவர் கழற்றி எறிந்தார். அதைத்தான் சொன்னார். முட்டாள் என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செருப்புகளைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். இடது செருப்புக்குள் ஒரு தடித்த அட்டை வெட்டி ஒட்டியிருந்தது. அதன் மேல் இன்னொன்று.

“எனக்கு இடது கால் கொஞ்சம் கட்டை. சின்ன வயசுல விழுந்து எலும்பு ஒடைஞ்சு, அது வளரல. நடந்தா கொஞ்ச தூரத்துல இடுப்பு புடிச்சுக்கும். அப்பாதான் பெடலுக்கு அதைச் செஞ்சு குடுத்தார். சைக்கிள்ல ஏறிட்டா ரெண்டு காலும் ஒண்ணு. ஊர்ல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

கல்யாணம் பேசும்போது சொல்லக்கூடாது என்று அம்மா வாயை அடைத்துவிட்டாளாம். அப்புறம் எப்படியும் அவராகவே பார்த்துவிடுவார் என்று இவள் விட்டுவிட்டாளாம். ஊர் வாய்க்கெல்லாம் உயரம் பார்க்கிறவர் இதைப் பார்க்காமலா இருப்பார் என்று நினைத்தாள். ஒரு நாள் அவர் சைக்கிளைப் பிரித்தார், கட்டையைக் கழற்றினார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தாள். மறுநாள் அந்தக் கட்டைகளை அவர் மேசைக்குக் கீழே பார்த்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பின்பக்கத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டது, மேசை அதில் நேராக நிற்காது. ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தார். மரக்கட்டை இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. வைத்த நாளிலிருந்து மேசை அசையவே இல்லை. அதில் வைத்துத்தான் எல்லாருடைய சைக்கிளையும் அசலாக்கினார். அவள் தினமும் அந்த மேசைக்கு அடியில்தான் பெருக்கினாள்.

“நொண்டிக்கு எதுக்கு சைக்கிள்னு நீங்க முடிவு பண்ணிட்டதா நெனச்சேன். வாய்விட்டுச் சொல்ல மனசு வராம மேசைக்கு அடியில வெச்சிட்டீங்கன்னு. அதனாலதான் கேக்கல.”

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா ஒண்ணுமே தெரியாது.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அச்சுத்தாளில் ஒரு வரியை நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை அது.

“தெரிஞ்சு எடுத்தீங்கன்னுதான் இத்தனை வருஷம் உள்ளுக்குள்ள கோபமா இருந்தேன். தெரியவே இல்லைங்கறது அதைவிட நல்லதா கெட்டதான்னு எனக்குப் புரியல” என்றாள்.

அவருக்கும் புரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவமானத்தில் காது மடல் வரை சுட்டது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மேசைக்குக் கீழே குனிந்து, ஒரு கையால் மேசையைத் தூக்கி மறு கையால் கட்டைகளை உருவினார். மேசை ஒரு பக்கமாகச் சரிந்தது. மேலே இருந்த டப்பாக்கள் வழுக்கி விழுந்தன. சைக்கிள் பேரிங்கின் இரும்புக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் தரையில் தெறித்து, சரிவில் உருண்டு, சாக்கடைத் துவாரத்தைப் பார்த்து ஓடின. நட்டுகள், வாஷர்கள், எந்தச் சைக்கிளுக்கு எது என்று பிரித்து வைத்ததெல்லாம் ஒன்றாகக் கலந்தது. அவள் சட்டென்று கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டாள். அவர் எதையும் பொறுக்கவில்லை. கட்டைகளின் அழுக்கைத் துணியால் துடைத்தார். ஒன்றின் முகத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது, மேசைக்கால் அழுந்திய இடம். அதன் மறுபக்கத்தில், இன்னும் பழைய, வழவழப்பான ஒரு தேய்மானம் இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் பாதம் தேய்த்தது.

பள்ளத்தை உள்பக்கமாக வைத்துப் பூட்டினார். பிறகு அவளை ஏறி உட்காரச் சொல்லி, சைக்கிளைத் தான் பிடித்துக்கொண்டு, பெடலைச் சுற்றிச் சுற்றி அவள் இடுப்பையே பார்த்தார். ஒரு பக்கம் மயிரிழை இறங்கியது. இத்தனை வருஷம் மேசையைத் தாங்கி மரம் அமுங்கியிருந்தது. மெழுகுத் தகட்டை வெட்டி நடுவில் வைத்தார், எடுத்தார், ராவினார், மறுபடி வைத்தார். சரியான கனம் தெரிந்ததும் அதே கனத்தில் தோல் வெட்டி வைத்து முடுக்கினார்.  அவ்வளவு நேரமும் அவள் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை வாசலுக்குத் தள்ளிப் போனாள். அவர் பின்னாலிருந்து பார்த்தார். ஒவ்வொரு அடிக்கும் இடது தோள் கொஞ்சம் இறங்கி ஏறியது. அப்படி ஒன்றும் மறைவான விஷயமில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், அவர் கண்ணெதிரில், தினமும் நடந்துகொண்டிருந்த விஷயம்தான். தெருவில் அவள் ஏறி மிதித்ததும் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. பாலத்தில் காற்று அதிகமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பல்செட்டுக்காரர் உள்ளே வந்தார். மேசை சரிந்தபடியே இருந்தது. காலில் குண்டுகள் குத்தின. வழக்கமாக இந்த நேரத்தில் ஒரு சக்கரத்தையாவது சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அன்றைக்கு எதைத் தொட்டாலும் கை பின்வாங்கியது. நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் ஒட்டுவேலை டின்னைத் தரையில் கவிழ்த்தார்.

சீட்டுக்குக் கீழே வைத்துத் தைத்த மெத்தைத் துண்டு. இருபக்கமும் கயிற்று வளையம் போட்ட ஒரு கம்பி. சிவப்பு நூல் சுற்றிய பிரேக் கட்டை. குப்பை என்று பிய்த்து எறிந்ததெல்லாம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய முதுகு, யாரோ ஒருவருடைய முழங்கால் என்று இப்போது தோன்ற ஆரம்பித்தது. எது யாருடையது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு பழைய கைப்பிடி கிடந்தது. மேலே கெட்டியாகத் தார்க்கயிறு சுற்றியிருந்தது. இது யாருடையது என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, மருந்துக்கடைக்காரருடையது. அதைத் தன் வலது கையால் பிடித்துப் பார்த்தார். கயிற்றில் விரல்கள் பதிந்த பள்ளங்கள் இருந்தன. அவருடைய விரல்கள் அதில் பொருந்தவில்லை. எண்ணிப் பார்த்தார். நான்கு விரலுக்கு இரண்டு பள்ளம்தான் இருந்தது. மீதி இடத்தில் கயிற்றைப் புடைப்பாகச் சுற்றி, இல்லாத விரல்களுக்குப் பதிலாக உள்ளங்கை தாங்கிக்கொள்ள வழி செய்திருந்தார்கள்.

கோட்டுப் பைக்குள் இருந்த கை ஞாபகம் வந்தது. சனிக்கிழமை அந்த மனுஷனுக்கு எதிரில் நின்று, பழகினால் சரியாகிவிடும் என்று வெடுக்கென்று சொன்னதும் ஞாபகம் வந்தது. கைப்பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கிளினிக்குக்கு நேரமாகிவிட்டதைக்கூட நினைக்காமல் மருந்துக்கடைக்குக் கிளம்பினார்.

தெருவில் கூட்டமாக ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் முகங்களைப் பார்க்கவில்லை. ஒருத்தர் வலது காலை விரித்துப் போட்டார். ஒருத்தி பையை எப்போதும் ஒரே தோளில்தான் மாட்டியிருப்பாள் போலிருந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் குதிகால் தரையில் படாமல் போனான். நேராக நடந்தவர் யாருமே அவர் கண்ணில் படவில்லை. அதையே பார்த்துக்கொண்டு போனதில் மருந்துக்கடையைத் தாண்டி நெடுந்தூரம் போய்விட்டார்.